மூலப்பொருள் செலவை இரண்டால் பெருக்கினால் விலை வந்துவிடுமா? வீட்டில் செய்யும் நகைகள் பற்றிய உரையாடல் இழை

2024 ஜூன் 8 | கேள்வி, கோயம்புத்தூர் வாசகி

சுடுமண் ஜிமிக்கியும் பட்டு நூல் வளையலும் செய்யக் கற்றுக்கொண்டு, தெரிந்தவர்களுக்குச் செய்து கொடுத்து வருகிறேன். இனி இதை வீட்டுத் தொழிலாகவே நடத்தலாம் என்று 10,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். மூலப்பொருள் செலவை இரண்டால் பெருக்கினால் அதுவே விற்பனை விலை என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த விலைக்குக் கொடுத்தால் அக்கம்பக்கத்தில் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொள்கிறார்கள். ஆகவே கணக்கு சரி என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு எழுதவும்.

ஜூன் 9, காலை | பதில்

கணக்கு தவறு. மறுபேச்சு இல்லாமல் வாங்குகிறார்கள் என்றால் விலை சரியாக இருக்கிறது என்று பொருளல்ல, மிகக் குறைவாக இருக்கிறது என்றுதான் பொருள்.

சுடுமண் ஜிமிக்கியையே எடுத்துக்கொள்வோம். மண், சாயம், வார்னிஷ், கொக்கி, இணைப்பு வளையம் எல்லாம் சேர்த்து ஒரு ஜோடிக்கு 15 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், உங்கள் வகுப்பின் கணக்குப்படி விலை 30 ரூபாய். அந்த ஜோடிக்காக மண்ணைச் சலித்துப் பிசைந்து, குடையை உருட்டி, விளிம்பில் கடுகளவு மணிகளை ஒவ்வொன்றாக ஒட்டி, உலர்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, சுட்டு, இரண்டு பூச்சு சாயம் அடித்து, கொக்கி கோத்து முடிக்கக் கை வேலை மட்டும் ஒன்றரை மணி நேரம் பிடிக்கிறது. இதற்கு மாறாக, கடையில் 200 ரூபாய்க்குக் குந்தன் கல்லும் ஸ்டோன் செயினும் வாங்கி, ஒரு வளையலில் பத்து நிமிடத்தில் ஒட்டி முடித்தால் விலை 400 ரூபாய் ஆகிவிடும். அதாவது இந்தக் கணக்கில், அதிகம் உழைத்தவருக்குக் குறைவாகவும், கடையில் அதிகம் செலவழித்தவருக்கு அதிகமாகவும் கிடைக்கிறது. மண் நகை செய்பவருக்கு இதைவிடக் கெடுதலான சூத்திரத்தை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

நான் போடும் கணக்கு இது. பொருள் 15. உழைப்பு, மணிக்கு 60 ரூபாய் வீதம் 90. சூளையில் பத்துக்கு ஒன்று உடையும் என்பதால், உடைந்ததன் செலவை மீதமுள்ள ஒன்பதின் தலையில் ஏற்ற வேண்டும். அது ஏறக்குறைய 12. பெட்டியும் உறையும் 12. அடக்க விலை 129 ஆகிறது. அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கு ஆதாயம் வைத்தால் 155. மணிக்கு 60 என்பதை நான் வேதமாகச் சொல்லவில்லை. உங்கள் ஊரில் வீட்டிலிருந்தபடி ரவிக்கை தைப்பவருக்கு ஒரு மணி நேரத்தில் என்ன கிடைக்கிறதோ, அதைக் கேட்டு அந்த எண்ணைப் போடுங்கள்.

ஜூன் 9, இரவு

காலையில் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். கை வேலை நேரத்தை மனக்கணக்காகப் போடக் கூடாது. கைப்பேசியில் கடிகாரத்தை ஓட விட்டுத்தான் அளக்க வேண்டும். "ஒரு ஜோடி அரை மணி நேரம்தான்" என்று சொல்பவர்கள் எல்லோரும் உருட்டும் நேரத்தை மட்டுமே சொல்கிறார்கள். தேய்ப்பதையும் கோப்பதையும் எவரும் எண்ணுவதில்லை. மண் உலரும் நேரம் உழைப்பில் சேராது. ஆனால் "அக்கா, இதே மாதிரி பச்சையில் இருக்கிறதா", "கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்", "நாளைக்கே வேண்டும்" என்று வரும் வாட்ஸ்ஆப் செய்திகளுக்குப் பதில் எழுதும் நேரம் கட்டாயம் சேரும்.

ஜூன் 14

"தெருவில் 30 ரூபாய்க்கு ஜிமிக்கி தொங்குகிறது, உங்கள் 155 ரூபாய் ஜிமிக்கியை யார் சீண்டுவார்கள்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான்.

மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலுக்குக் கிழக்கே எழுகடல் தெருவில் நுழைந்து பாருங்கள். வளையலும் தோடும் அட்டை அட்டையாக, டஜன் கணக்கில் மொத்த விலைக்குக் கிடைக்கின்றன. அவை அச்சில் வார்த்து, எந்திரத்தில் முலாம் பூசி, ஆயிரக்கணக்கில் இறங்கும் சரக்கு. அந்த விலையோடு போட்டியிட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் எவராலும் வெல்ல முடியாது, போட்டியிடவும் வேண்டியதில்லை. அந்த அட்டையில் இல்லாத ஒன்றைத்தான் நாம் விற்கிறோம். அது, ஒருத்தியின் ஒரு குறிப்பிட்ட புடவைக்குச் சேரும் நிறம்.

நகை செய்யும் திறமையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். என் அனுபவத்தில் இந்தத் தொழிலின் உயிர் நிறம் சேர்ப்பதில்தான் இருக்கிறது. பெண்ணின் அம்மா, முகூர்த்தப் புடவையின் ரவிக்கைத் துண்டிலிருந்து இரண்டு விரல் அகலம் வெட்டி, காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கொடுப்பார். அதை ட்யூப் லைட் வெளிச்சத்தில் வைத்து நூல் தேர்ந்தெடுத்தால் மறுநாள் மண்டபத்தில் மானம் போகும். பகல் வெளிச்சத்தில், சன்னல் ஓரத்தில் துண்டை விரித்து, அதன்மேல் ஒரே ஒரு நூலையல்ல, பத்துப் பதினைந்து இழைகளைச் சேர்த்துப் படுக்க வைத்துப் பார்க்க வேண்டும். தனி இழையின் நிறம் வேறு, இழைகள் அடர்ந்து வளையலில் சுற்றியபின் தெரியும் நிறம் வேறு. அரக்கும் வாடாமல்லியும் எளிதாகக் கிடைத்துவிடும். கனகாம்பரம் தொல்லை கொடுக்கும். மயில் கழுத்து இன்னும் தொல்லை. அந்தப் புடவையில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம்; துணியைத் திருப்பத் திருப்ப நீலமும் பச்சையும் மாறி மாறித் தெரியும். எந்தக் கடையில் தேடினாலும் அதற்கு ஒற்றை நூல் கிடைக்காது. நீல இழை பாதி, பச்சை இழை பாதி எடுத்து, இரண்டையும் முறுக்காமல் பக்கம் பக்கமாக வைத்துச் சேர்த்துச் சுற்றினால்தான் அந்தக் கழுத்து நிறம் வளையலில் எழும். இதைச் செய்து கொடுத்தபின் விலை பேசியவர் எவரையும் நான் பார்த்ததில்லை.

சுடுமண்ணிலும் இதே கதைதான், ஆனால் வேறு கோணம். அக்ரிலிக் சாயம் ஈரத்தில் ஒரு நிறம், உலர்ந்தபின் ஒரு நிறம், வார்னிஷ் ஏறியபின் இன்னும் ஒரு படி அடர்ந்த நிறம். ஆகவே உடைந்த துண்டு ஒன்றில் சாயம் அடித்து, வார்னிஷும் பூசி, உலர விட்டு, அதன்பிறகே புடவைத் துண்டோடு ஒப்பிட வேண்டும். உடைந்த துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

ஜூன் 15

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, பட்டு நூல் என்று நாம் வாங்குவது உண்மையில் பட்டா என்று ஒரு வாசகர் கேட்கிறார். ஃபேன்ஸி கடையில் சுருள் கணக்கில் விற்கும் அந்த நூல் பெரும்பாலும் விஸ்கோஸ் ரேயான். பளபளப்பு நன்றாக இருக்கும், பட்டு அல்ல. "அசல் பட்டு" என்று விளம்பரத்தில் எழுத வேண்டாம். தண்ணீர் பட்டால் நூலின் பளபளப்பும் ஒட்டுப் பசையும் இரண்டுமே போகும் என்பதை மட்டும் வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஜூன் 22

மேலே ஒருவர், "2.4 வளையல் என்றால் 2.4 அங்குல விட்டம்" என்று எழுதியிருக்கிறார். இதைத் திருத்தாமல் விட்டால் புதிதாக வருபவர்கள் பணத்தை இழப்பார்கள்.

வளையல் அளவில் புள்ளிக்குப் பின்னால் வருவது தசமம் அல்ல, அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு. 2.4 என்றால் இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கும். அதாவது இரண்டேகால் அங்குலம், 57 மில்லிமீட்டர். 2.6 என்பது 60 மில்லிமீட்டர். 2.8 என்பது இரண்டரை அங்குலம், 63.5 மில்லிமீட்டர். அதற்கு அடுத்தது 2.10, அது ஏறக்குறைய 66.7 மில்லிமீட்டர். பள்ளிக்கூடத்தில் 2.10 என்பது 2.8-ஐவிடச் சிறியது என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். வளையல் கடையில் அதையே சொன்னால் கடைப் பையன் சிரிப்பான்.

நூல் வளையலில் இன்னொரு சிக்கல் உண்டு. வெறும் பிளாஸ்டிக் வளையல் 2.6 என்றால், அதன்மேல் நூல் சுற்றும்போது உட்புறத்திலும் ஒரு பூச்சு ஏறுகிறது. உள் விட்டம் சற்றுக் குறைந்துவிடும். கண்ணாடி வளையலில் 2.6 இறுக்கமாக அணிபவருக்கு நூல் வளையலில் 2.8 கொடுப்பதே நல்லது. அளவு கேட்கும்போது "உங்கள் அளவு என்ன" என்று கேட்டால் பாதிப் பேர் குத்துமதிப்பாகச் சொல்வார்கள். "கையில் சரியாக ஏறி இறங்கும் வளையல் ஒன்றை அளவுகோல் மேல் வைத்து, உள் விட்டம் தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள்" என்று கேட்டால் திரும்பி வரும் வளையல்கள் பெருமளவு குறையும்.

ஜூலை 3

கேள்வி கேட்ட வாசகி, அடுக்குமாடிக் குடியிருப்பில் மண்ணை எப்படிச் சுடுவது என்று தனியாகக் கேட்டார். பலருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

முதலில், ஏன் வெடிக்கிறது என்பது புரிய வேண்டும். வெளியே காய்ந்ததுபோல் தெரியும் மணியின் நடுவில் ஈரம் தங்கியிருக்கும். நெருப்பில் அது ஆவியாகி, வெளியேற வழி இல்லாமல் மண்ணைப் பிளக்கிறது. ஆகவே நிழலில் சில நாள் உலர்த்தி, பிறகு வெயிலில் காய வைத்து, கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தெரியாத நிலை வந்தபின்பே சுட வேண்டும். நேராக வெயிலில் வைத்தால் மேல்புறம் சுருங்கி உள்புறம் சுருங்காமல் விரிசல் விடும். நெருப்பையும் மெதுவாகவே ஏற்ற வேண்டும். மண்ணோடு வேதியியலாகப் பிணைந்திருக்கும் நீர் வெளியேறுவதற்கு ஏறக்குறைய 450 முதல் 600 டிகிரி வரை வெப்பம் வேண்டும். அதைத் தாண்டினால்தான் மண் மறுபடியும் மண்ணாகக் கரையாத பொருளாக மாறுகிறது. சமையல் அடுப்பின்மேல் வாணலியில் வைத்துப் புரட்டுவதெல்லாம் சுடுவதாகாது. சோதனை எளிது. முடிந்த மணி ஒன்றைச் சாயம் அடிக்கும் முன் தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டு வையுங்கள். காலையில் குழைந்திருந்தால் அது சுடுமண் அல்ல. நன்றாகச் சுட்ட மணிகள் இரண்டை ஒன்றோடு ஒன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கும்.

மொட்டை மாடியில் உமியும் தேங்காய்ச் சிரட்டையும் போட்டுப் புகை கிளப்பினால் குடியிருப்போர் சங்கம் கூடிவிடும். நான் சொல்லும் வழி, குயவரோடு ஏற்பாடு செய்துகொள்வது. எனக்கு மானாமதுரை அருகில் இருக்கிறது. அங்கே பானைச் சூளை ஏற்றும்போது, நம் மணிகளைச் சிறு கலயத்தில் அடுக்கி மூடி ஓர் ஓரத்தில் வைத்துத் தருகிறார்கள். மண்ணும் அங்கேயே சலித்ததாகக் கிடைக்கும். சூளை எரியும் நாளைக் கேட்டுக்கொண்டு அதற்கேற்ப நம் வேலையை அடுக்க வேண்டும் என்பது ஒன்றுதான் சங்கடம். கோவையைச் சுற்றியும் மண்பாண்டம் செய்பவர்கள் இருக்கிறார்கள், விசாரித்துப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்கிறேன். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகைகளுக்கு அதற்கு வெகு முன்பே கிடைத்துவிட்டது. அங்கே மண் வாங்கினோம் என்பதற்காகப் பெட்டியில் "மானாமதுரை" என்று அச்சிடுவதும், மொத்தக் கடையில் வாங்கிய கெம்புக்கல் அட்டிகையை "நாகர்கோவில் கோயில் நகை" என்று படம் போடுவதும், பதிவு பெற்ற கைவினைஞர்களின் உரிமையில் கை வைப்பது. இன்ஸ்டாகிராமில் இது சர்வ சாதாரணமாக நடக்கிறது.

ஜூலை 20

ஆடி பிறந்துவிட்டது. இனி ஆவணி வரை கல்யாண ஆர்டர் எதிர்பார்க்க வேண்டாம். சும்மா இருக்கும் இந்த நேரத்தில் 10,000 ரூபாயை எப்படிச் செலவழிப்பது என்ற கேள்விக்கு வருகிறேன்.

எல்லாரும் செய்வது, மொத்தக் கடைக்குப் போய் அறுபது நிற நூலும் மூன்று வகைக் கல்லும் வாங்கி, பெட்டி நிறைய அடுக்கி, அதைப் பார்த்துப் பூரித்துப்போவது. வேண்டாம். அதில் பாதி நிறங்களை எவரும் கேட்க மாட்டார்கள். பட்டுப் புடவையில் அடிக்கடி வரும் பத்துப் பன்னிரண்டு நிறங்கள் கையில் இருந்தால் போதும். மற்றதை ஆர்டர் வந்தபின் வாங்கிக்கொள்ளலாம். பணத்தில் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் கருவிகள். வட்ட மூக்குக் குறடு, தட்டை மூக்குக் குறடு, வெட்டும் குறடு ஆகிய மூன்றும் நல்லதாக இருக்க வேண்டும். மட்டமான குறட்டால் வளைத்த இணைப்பு வளையம் முழுமையாக மூடாது. அந்த மயிரிழை இடைவெளி வழியாகத்தான் ஜிமிக்கி பேருந்தில் கழன்று விழுகிறது. வளையத்தைத் திறக்கும்போது இரு முனைகளையும் பக்கவாட்டில் இழுக்காமல், ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் தள்ளித் திறந்தால் வட்டம் கெடாது, திரும்பவும் சரியாக மூடும். கம்பியைப் பொறுத்தவரை எண் கூடக் கூடத் தடிமன் குறையும். 20 கேஜ் ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர், 24 கேஜ் அரை மில்லிமீட்டர். தோட்டுக்கு 20, மணி கோத்து முறுக்க 24 போதும்.

ஏறக்குறைய 4,000 ரூபாயைத் தொடாமல் வையுங்கள். கூரியர், பெட்டி, திரும்பி வரும் பார்சல், காசு தர இழுத்தடிக்கும் கடை, எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டிவரும். மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் கிடைக்கும் என்று இருவர் எழுதியிருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் ஒரு முகூர்த்தப் பருவம் முழுதும் விற்றுப் பார்க்கும் முன் கடன் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். இந்தத் தொழிலில் முதல் இல்லாமல் நின்றுபோனவர்களைவிட, வாங்கிய சரக்கு விற்காமல் நின்றுபோனவர்களே அதிகம் என்பது நான் பார்த்த வரையில் தெரிந்தது.

ஆடியில் செய்ய வேண்டிய உருப்படியான வேலை, கொலுவுக்குத் தாம்பூலத்தோடு வைத்துக் கொடுக்கும் சிறு பரிசுகளுக்கு மாதிரி செய்து படம் எடுத்து வைப்பது. இந்த ஆண்டு (2024) நவராத்திரி அக்டோபர் முதல் வாரத்தில் வருகிறது. ஆர்டர் ஆகஸ்டிலேயே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆகஸ்ட் 11

ஜூன் 9-ஆம் தேதி 155 ரூபாய் என்று ஒரு விலை சொன்னேன். அது நேரடியாக வாங்குபவர் கையில் கொடுக்கும்போது பொருந்தும். இன்று கடைக்குக் கொடுப்பதைப் பற்றி எழுத வேண்டியிருப்பதால், அந்தக் கணக்கை மறுபடியும் பிரிக்கிறேன்.

பொட்டிக் (boutique) கடைக்காரர், "சரக்கை வைத்துவிட்டுப் போங்கள், விற்றால் 30 விழுக்காடு எனக்கு" என்பார். 155-இல் 46 ரூபாய் 50 காசு போனால் கைக்கு வருவது 108 ரூபாய் 50 காசு. நம் அடக்க விலையோ 129. ஒவ்வொரு ஜோடிக்கும் நாமே 20 ரூபாய் கொடுத்து விற்கிறோம். நட்டமில்லாமல் கொடுக்க வேண்டுமானால் கடை விலை 185-ஆக இருக்க வேண்டும். கொஞ்சமாவது ஆதாயமும் வேண்டுமென்றால் 200 ஆகும். சரி, கடையில் 200, வீட்டில் 155 என்று வைக்கலாமா என்றால், அதுவும் முடியாது. வாடிக்கையாளர் கடையில் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து வாங்குவார். கடைக்காரர் அடுத்த வாரமே சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஆகவே கடைக்கும் மறுவிற்பனையாளருக்கும் என்றாவது ஒருநாள் கொடுப்போம் என்று நினைத்தால், முதல் நாளிலிருந்தே வீட்டு விலையும் 200-ஆக இருக்க வேண்டும். விலையை ஏற்றுவதைவிட, ஏற்றி வைத்த விலையில் தள்ளுபடி கொடுப்பது எளிது. இரண்டால் பெருக்கிய 30 ரூபாயில் இதற்கெல்லாம் இடமே இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கடை ஒன்றில் வைத்திருந்த என் வளையல்களைத் தெருப் பக்கக் கண்ணாடி அலமாரியில், மாலை வெயில் நேராக விழும் இடத்தில் அடுக்கிவிட்டார்கள். விற்காதவை திரும்பி வந்தபோது ஒரு பக்கம் அரக்கு, மறுபக்கம் வெளிறிய ரோஜா நிறம். இரு நிற வளையல் என்று புதுப் பெயர் சூட்டி விற்கலாமே என்று வீட்டில் கேலி செய்தார்கள். கொடுக்கும் சரக்கின் பட்டியல், கமிஷன் விழுக்காடு, பணம் தரும் நாள், சேதமானால் யார் பொறுப்பு என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் எந்தக் கடையிலும் சரக்கை இறக்காதீர்கள். "நமக்குள்ளே எதற்கு எழுத்து" என்று சொல்பவரிடம்தான் முதலில் எழுதி வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 12

நேற்றைய குறிப்புக்குக் கீழே ஜிஎஸ்டி பற்றிச் சண்டையே நடந்திருக்கிறது. "ஆன்லைனில் ஒரு தோடு விற்றாலும் ஜிஎஸ்டி கட்டாயம்" என்பது பழைய செய்தி.

தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். 2019 ஏப்ரலிலிருந்து இதுவே வரம்பு. மின்வணிகத் தளங்கள் வழியாக விற்பவர்களுக்கு முன்பு இந்தச் சலுகை இல்லை. 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்கு உட்பட்ட சிறு விற்பனையாளர்கள் பான் எண்ணைக் கொண்டு ஜிஎஸ்டி இணையதளத்தில் ஒரு சேர்க்கை எண் பெற்று, தம் மாநிலத்துக்குள் மட்டும் அந்தத் தளங்களில் விற்கலாம். வெளி மாநிலத்துக்கு அனுப்பினால் பொதுவாகப் பதிவு வேண்டும் என்றாலும், அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருள்களுக்கு 20 லட்சம் வரை விலக்கு உண்டு. அந்தப் பட்டியலில் கையால் செய்த கவரிங் வகை நகைகள் இருக்கின்றன. விதைகளால் செய்தவையும் பாசிமணிகளும் போக, ஏலக்காய் மாலையும் அந்த வரியிலேயே இடம்பெற்றிருக்கிறது. நகைப் பட்டியலில் ஏலக்காயைப் பார்த்து நானும் ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் படித்தேன். பதிவு செய்துகொண்டவர்கள் இந்த நகைகளுக்கு விதிக்க வேண்டிய வரி 3 விழுக்காடு.

உத்யம் பதிவு (சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு) வேறு, ஜிஎஸ்டி வேறு. இரண்டையும் குழப்ப வேண்டாம். உத்யம் பதிவு 2020 ஜூலையில் தொடங்கியது. அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. அரசு இணையதளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் இதற்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று வாங்குகின்றன. யாருக்கும் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

செப்டம்பர் 5

என்னிடம் வாங்கிய ஒருவருக்குக் காது மடல் சிவந்து, அரிப்பெடுத்து, நீர் கோத்துவிட்டது. மண்ணிலோ சாயத்திலோ குறை இல்லை. கொக்கியில் இருந்தது நிக்கல். மலிவான உலோகக் கொக்கிகளில் முலாமுக்கு அடியில் நிக்கல் இருக்கும். வியர்வை பட்டு அது கசியும்போது, ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தோல் புண்ணாகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில், குத்திய துளைக்குள் போகும் பகுதியிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. எழுகடல் தெருவில் கிலோக் கணக்கில் நிறுத்துத் தரும் கொக்கிக்கு அப்படியொரு சான்றிதழை எதிர்பார்க்க முடியாது.

இப்போது நான் ஆர்டர் எடுக்கும்போதே, "தங்கம் தவிர வேறு எது போட்டாலும் காது புண்ணாகுமா" என்று கேட்டுவிடுகிறேன். ஆம் என்பவர்களுக்கு 92.5 வெள்ளிக் கொக்கியோ அறுவை சிகிச்சைத் தர எஃகுக் கொக்கியோ மாட்டி, கூடுதல் விலையைத் தனியாகச் சொல்கிறேன். எவரும் மறுத்ததில்லை. கொக்கி மட்டும் தனியே கழற்றி மாற்றும்படி வடிவமைத்தால் பழைய வாடிக்கையாளர்களும் மாற்றிக்கொள்ள வருவார்கள்.

அக்டோபர் 14 | கோயம்புத்தூர் வாசகி

விலையை 180-ஆக உயர்த்தினேன். அக்கம்பக்கத்தில் வாங்கியவர்களில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். ஆனால் கொலுவுக்கு 50 ஜோடி சிறிய தோடு ஒரே வீட்டிலிருந்து ஆர்டர் வந்தது. 75 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டேன். குறைத்துவிட்டேனோ என்று இப்போது உறுத்துகிறது.

அக்டோபர் 14, மாலை

உறுத்த வேண்டியதில்லை. ஒற்றை ஜோடிக்கு ஒன்றரை மணி நேரம் என்று நான் தொடக்கத்தில் எழுதியதை மொத்த ஆர்டருக்கு அப்படியே பொருத்தக் கூடாது. நிறம் சேர்க்கும் வேலை இல்லை, ஒரே வடிவம், ஒரே சாயம், ஐம்பதையும் வரிசையாக வைத்துத் தேய்த்து, வரிசையாகப் பூசி, வரிசையாகக் கோத்தால் சிறிய தோடு ஒரு ஜோடிக்கு அரை மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. உழைப்பு 35, பொருள் 12, உறை 5, உடைசல் 5 என்றால் அடக்கம் 57. உங்கள் 75 ரூபாயில் ஜோடிக்கு 18 ரூபாய் ஆதாயம் இருக்கிறது. இட்லிக் கடைக்காரர் ஒரு தட்டு இட்லிக்கும் கல்யாண வீட்டு ஆர்டருக்கும் ஒரே விலையா சொல்கிறார்?

நின்றுபோன அக்கம்பக்கத்தாரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 30 ரூபாய்க்கு வாங்கியவர்கள் உங்கள் உழைப்பை இலவசமாகப் பெற்றுக்கொண்டிருந்தார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கொலு வீட்டுக்கு வந்து தாம்பூலத்தில் அந்தத் தோட்டை வாங்கிச் சென்ற ஐம்பது பேரும், அதன் விலை 75-தான் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். மொத்த ஆர்டருக்கு என்றே ஒரு தனி வடிவம் வைத்துக்கொண்டு, அதைச் சில்லறையில் விற்காமல் இருப்பது நல்லது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

டிசம்பர் 19

மார்கழி. வேலை குறைவு, ஆனால் தை முகூர்த்தங்களுக்கான விசாரணை தொடங்கிவிட்டது. முன்பணம் எவ்வளவு வாங்குவது என்று பலர் கேட்டிருப்பதால் எழுதுகிறேன்.

படத்தைப் பார்த்து, இருப்பில் உள்ளதை வாங்குபவரிடம் முழுப் பணமும் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். பொருள் கைக்கு வந்தபின் பணம் என்ற ஏற்பாட்டை நான் எடுப்பதில்லை; பார்சலை வாங்க மறுத்தால் போக்குவரத்துச் செலவு இரண்டு பக்கமும் நம் தலையில் விழும். படத்தின் கீழ், பகல் வெளிச்சத்தில் எடுத்தது, கைப்பேசித் திரையில் நிறம் சற்று மாறித் தெரியலாம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

புடவைக்குச் சேர்த்துச் செய்யும் ஆர்டர் வேறு வகை. கல்யாணம் தள்ளிப்போனாலோ புடவை மாறினாலோ அந்த மயில் கழுத்து வளையலை இன்னொருவருக்கு விற்க முடியாது. அந்த நிறத்தில் அதே புடவை இன்னொருவரிடம் இருக்க வேண்டும், அவர் கை அளவும் அதுவாக இருக்க வேண்டும். ஆகவே முன்பணம் பாதி என்று பொதுவாகச் சொல்லாமல், பொருளும் உழைப்பும் சேர்ந்த அடக்கம் முழுவதையும் முன்பணமாக வாங்கிக்கொண்டு, ஆதாயத்தை மட்டும் பொருளைக் கொடுக்கும்போது வாங்குங்கள். புடவைத் துண்டு கையில் கிடைத்த பிறகே நாள் குறியுங்கள். "நாளைக்கு அனுப்புகிறேன்" என்று சொன்ன துண்டு முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் வந்து சேர்ந்தால், கூரியரில் அனுப்ப முடியாது, நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.